ஆராதனையின் நடுவே நான் ஓடவிட்ட கேசட்

1. எங்கள் சபையின் ஆராதனையில், யாருக்கும் தெரியாமல், ஒரு கேசட்டை ஓடவிட்டேன். ஒரு முறை அல்ல, பல ஞாயிற்றுக்கிழமைகள்.

2. அந்தக் கேசட்டில் இறந்துபோன ஒருவருடைய குரல் இருந்தது. முதலில் அது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் ஓடவிட்டேன்.

3. அவருடைய மனைவி அந்தக் குரலைக் கேட்டார். கணவர் தன்னிடம் பேசினார் என்று நம்பினார்.

4. அதை நம்பி, தனக்குக் கூடிவந்த மறுமணத்தை வேண்டாம் என்றார்.

5. அவரை மணக்கவிருந்தவர் என்னிடம் வந்து நேராகவே கேட்டார். நான் பொய் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. பழுதாகித் திரும்பி வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படித்தான் எழுதுவேன். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எங்கே தடுத்திருந்தால் மேற்கொண்டு போயிருக்காது...

ஐந்தாவது இடத்தில் தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை என்பதால்தான். சேர்ந்தவராக இருந்தால் என்னால் வாயைத் திறக்க முடியாது. இத்தனை காலம் முடியவில்லையே.

எங்களுடைய ஆராதனை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. முதலில் அதைச் சொல்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால். அதுதான் எங்கள் பழைய இடம். பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ஒருமுறை மைக் வயர் அறுந்தபோது நான் வீட்டிலிருந்து சால்டரிங் அயர்ன் கொண்டுவந்து பற்றவைத்தேன். அன்றிலிருந்து மைக்குகளின் ஓசையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் என் பொறுப்பு. "டிப்ளமா படிச்ச புள்ள ஒண்ணு இருக்கறப்ப நமக்கென்ன கவலை" என்று பாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்போது எனக்கு அது எவ்வளவு இனித்தது!

முதலில் வேகமான பாடல்கள். கைதட்டல், கையில் தட்டுகிற தம்புரு, குழந்தைகளின் குதியாட்டம். பிறகு மெதுவான பாடல்கள். கடைசிப் பாடல் முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிற ஜானி கையை எடுக்கமாட்டான். கார்டு என்கிற ஒரே சுரக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பான்.

அதன் மேல்தான் அது நடக்கும்.

இனிப் பாட்டு இல்லை. வரிகள் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு வந்த சொல்லை, தனக்கு வந்த மெட்டில் பாடுவார். ஒருவர் ஸ்தோத்திரம் என்பார், இன்னொருவர் அல்லேலூயா என்பார், சிலர் எங்களுக்குப் புரியாத பாஷையில் பாடுவார்கள். யாரும் யாரையும் வழிநடத்துவதில்லை. ஆனாலும் முட்டிக்கொள்ளாது. அது தானாக எழும், தானாக அகலும், தானாக அடங்கும். வீட்டில் வாயே திறக்காத பெண்கள் அங்கே கழுத்து நரம்பு தெரியப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் குரல்களும் அந்தச் சுரக்கட்டில் போய் உட்காருவதால்தான் முட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். அதன் கணக்கு தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் நிறைந்தது. நானும் பாடுவேன். மிக்ஸரில் ஒரு கை, மேலே ஒரு கை.

தேவராஜ் அண்ணன் அந்த ஹாலில் ஜன்னலை ஒட்டித்தான் எப்போதும் உட்காருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். பேச்சு குறைவு. ஆனால் அந்த நேரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுவார்.

"நீங்க போதும்ப்பா..."

நாங்கள் எல்லோரும் கடவுளை 'நீர்' என்போம். வேதத்தில் அப்படித்தான், ஜெபத்தில் அப்படித்தான். அவர் மட்டும் 'நீங்க' என்பார். ஜானி ஒருநாள் அவரை வம்புக்கிழுத்தான்.

"அண்ணே, கர்த்தரை நீர்னு சொல்லணும்ண்ணே. நீங்க இன்னாடான்னா மாமனாரைக் கூப்புடற மாரி கூப்புடறீங்களே!"

"எங்க அப்பாவ நாங்க நீங்கன்னுதான் சொல்லுவோம் தம்பி. இவரும் அப்பாதானே... வேற எப்படிக் கூப்புட?"

தேவராஜ் அண்ணனின் மனைவி சாந்தி அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து சிரித்தார். அவர் தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மடியில் பாப்பா பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சபையிலிருந்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன ஒரு குடும்பம், ஆராதனையைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டது. ஒரு மைக்கை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துப் பதிந்தேன். அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, மூலத்தை நான் வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு அருகில் யார் உட்கார்ந்திருந்தார் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் தேவராஜ் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் நாட்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. அதற்குள் முற்றிவிட்டிருந்தது. சாந்தி அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம். கல்லறையிலிருந்து திரும்பும்போது பாப்பா, "அப்பா எப்போ வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு மாடி ஹாலைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஞாயிறு காலைகளில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். உயரமான கூரை, பெரிய மேடை, பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் ஞாயிறே ஆராதனை செத்துவிட்டது.

பாடல்கள் சரியாகத்தான் போயின. கடைசியில் ஜானி சுரக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். யாரும் எழும்பவில்லை. நான்கைந்து குரல்கள் முணுமுணுத்து அடங்கின. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். "நமக்குள்ள என்னமோ தடை இருக்கு. உபவாசம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு குடும்பங்கள் குரோம்பேட்டையில் வேறு ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தன.

தடை என்னவென்று எனக்குத் தெரியும். நாற்காலிகள் தள்ளித் தள்ளி இருந்தன. கூரை உயரத்தில் ஓசை கரைந்துபோயிற்று. ஒவ்வொருவருக்கும் தன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தன் குரல் தனியாகக் கேட்டால் யாருக்கும் கூச்சம் வரும். பழைய ஹாலில் நாங்கள் அடுத்தவர் குரலுக்குள் ஒளிந்துகொண்டுதான் பாடினோம்.

உபவாசத்தால் இது சரியாகாது என்று நினைத்தேன். அவர்களுக்குக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் என்னிடம் இருந்தது. ஒரு கேசட்டில்!

யாரையும் கேட்கவில்லை. பாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஜானியிடம் மட்டும், "கடைசிப் பாட்டை டி ஸ்கேலிலேயே முடி, மத்த ஸ்கேலில் மைக் கூவுது" என்றேன். கேசட்டில் இருந்த ஆராதனை அந்தச் சுரத்தில் இருந்தது. அவன் நம்பினான். நாடாவின் இரைச்சல் வெளியே தெரியாதிருக்க ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஓசைகளை, நன்றாகக் குறைத்தேன். ஜானி சுரக்கட்டைப் பிடித்ததும், ஒலியை மெல்ல, மிக மெல்ல, அதன் அடியில் ஏற்றினேன்.

முன்வரிசையில் ஒரு பெண் தலையைத் தூக்கினாள். பக்கத்தில் யாரோ பாடுவதாக நினைத்திருப்பாள். அவளும் பாடினாள். அவளைக் கேட்டு அடுத்தவள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குரல். பிறகு எண்ண முடியவில்லை. மண்டபம் நிரம்பியது. நான் கேசட்டின் ஒலியைக் குறைத்துப் பார்த்தேன். முழுவதுமாக இறக்கினேன்.

ஓசை இறங்கவில்லை.

அது அவர்களேதான்! அவர்களுடைய சொந்தக் குரல்! பாஸ்டர் மேடையில் முழங்காலிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அது பொய்யா? நீங்களே சொல்லுங்கள். தள்ளினால் ஓடுகிற வண்டியைத் தள்ளிவிடுவது பொய்யா? அன்று நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இன்று அந்தக் கேள்வியிலேயே ஒரு தந்திரம் தெரிகிறது.

ஒவ்வொரு வாரமும் தள்ளினேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். புதியவர்களும் வந்தார்கள்.

இதே காலத்தில்தான் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, சாந்தி அக்காவின் மறுமணத்துக்காக சாமுவேல் அண்ணனிடம் பேசினார். சாமுவேல் அண்ணன் எங்கள் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். மனைவியை முதல் பிரசவத்திலேயே இழந்தவர். சத்தமாகச் சிரிப்பார், சுமாராகப் பாடுவார், யார் வீட்டில் குழாய் ரிப்பேர் என்றாலும் ஸ்பேனரோடு நிற்பார். அவருடைய பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து மண்டபத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போகாமல் பிரியா வீட்டுக்குக் கிளம்பமாட்டாள்.

ஒருநாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னா சொல்றதுன்னு தெரியல பியூலா. பாப்பா அவரைப் பாத்தாலே சிரிக்குது. எனக்கும்... அவர் பேசுனா பயம் போயிடுது. அது தப்பா?"

"இதுல என்னக்கா தப்பு?"

"ஊர் எதுனா சொல்லும்."

"சொல்லட்டும். ஊரா வந்து உங்க வீட்டு குழாயை ரிப்பேர் பண்ணுது?"

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் கணவர் போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை பாஸ்டரம்மாகிட்ட சரின்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தாமதமாக வந்தார். வழக்கமான இடம் கிடைக்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

ஆராதனை எழும்பியது. நான் கேசட்டை ஏற்றினேன். சற்று நேரத்தில் ஒரு நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. சாந்தி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு... இல்லை, பொத்தவில்லை. காதுக்குள் எதையோ பிடித்துவைத்துக்கொள்வதைப் போல.

கர்த்தர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்ததும் அவரே எழுந்து மைக்கை வாங்கினார்.

"எங்க வூட்டுக்காரர் கொரலை கேட்டேன்" என்றார். "நீங்கல்லாம் பாடறப்போ, அது நடுவுல அவரும் பாடனாரு. 'நீ போதும்ப்பா'ன்னு சொன்னாரு. எனக்கு நல்லா கேட்டுச்சு. என்னையும் அவர் ப்பா போட்டுத்தான் கூப்புடுவாரு. நீ போதும்ப்பா... நீ போதும்ப்பா... அவருக்கு நான் போதும்னா, எனக்கு அவர் போதாதா? எனக்கு இன்னொரு கல்யாணம் வேணாம். கர்த்தர் பதில் சொல்லிட்டாரு."

பாஸ்டர் ஏதோ சொல்ல எழுந்தார். இறந்தவர்கள் பேசமாட்டார்கள் என்று எங்களுக்குப் போதித்தவர் அவர். வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் மண்டபம் எழுந்துவிட்டது. கைகள் உயர்ந்தன. அன்று எழுந்த ஓசையை அந்த மண்டபத்தில் அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. கேசட் இல்லை, கீபோர்டுகூட இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே தொண்டையாக... அந்த ஓசைக்கு எதிரே பாஸ்டர் ஒரு மனிதர், அவ்வளவுதான். அவரும் கையை உயர்த்தினார்.

சாமுவேல் அண்ணன் பின்வரிசையில் நின்றிருந்தார். அவரும் பாடினார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பாடினார். அதைப் பார்த்தேன். பார்த்தது இன்றும் போகவில்லை.

மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். நான் ஹெட்போனை மாட்டி கேசட்டைப் போட்டேன். இத்தனை நாள் அதை ஒரு கூட்டமாகத்தான் கேட்டிருந்தேன், தனித்தனிக் குரலாக அல்ல. இப்போது தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரக் குரல், மைக்குக்கு எல்லோரையும்விட அருகில். ஒரு தாளம் பிந்தி, மூக்கால் கொஞ்சம் இழுத்து.

"நீங்க போதும்ப்பா."

ட்ரெபிளைக் குறைத்தேன், மண்டபத்தில் குறைத்த அதே அளவுக்கு.

"நீ... போதும்ப்பா."

கூட்டினேன். நீங்க. குறைத்தேன். நீ. ஒலி வேலையில் இது பாலபாடம். உயிரோசை அடியில் நிற்கும், மெய்யோசையின் விளிம்பு மேலே ட்ரெபிளில் இருக்கும். அதை வெட்டினால் உயிர் கேட்கும், மெய் கேட்காது. கூட்டத்தின் ஓசைக்கு நடுவில், துக்கப்பட்ட ஒரு காதில், 'நீ'யின் இழுப்போடு கரைந்துபோகும் அந்த 'ங்க' விழவே விழாது.

கடவுளிடம் சொன்னதை மனைவியிடம் சொன்னதாக மாற்றியது என் விரல்தான்! ஒரு குமிழைத் திருகியதில் ஓர் எழுத்துக்கூட்டம் உதிர்ந்தது. அதோடு ஒரு பெண்ணின் கல்யாணமும்...

அதுவரை நடந்தது தவறு. கவனக்குறைவு என்றுகூடச் சொல்லலாம். இனி வருவதுதான் குற்றம்.

மறுநாள் மதியம் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாமுவேல் அண்ணன் காத்திருந்தார். கையில் இரும்புத்தூள் ஒட்டிய அழுக்கு அப்படியே இருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கண்ணா."

"நீதான மிஷின்ல ஒக்காந்துகினு கீற. நேத்து உனுக்கு எதுனா கேட்டுச்சா? தேவராஜு கொரலு மாரி?"

நான் டீயை ஊதினேன்.

"சந்தேகப்படறேன்னு நெனைக்காத. கர்த்தர் காரியம்னா நான் ஒதுங்கிக்கறேன். அவர்கூடவா போட்டி போடப்போறேன்? ஆனா ஸ்பீக்கர்ல எதுனா கோளாறு... வேற எதுனா சத்தம் கலந்துகிச்சுன்னா... சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனுக்குத் தெரிஞ்சா போதும்."

கேள்வி எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள்! லேத் ஓட்டுகிறவர். ஒரு சுற்று தப்பினால் எங்கே தப்பியது என்று தேடுகிறவர். பழுதின் மேலேயே விரலை வைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினால் அன்றோடு முடிந்திருக்கும்.

"இல்லண்ணா. ஸ்பீக்கர்லாம் நல்லாதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சரி. அப்போ அவர் காரியந்தான்" என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

ஏன் சொல்லவில்லை? காரணங்களைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். சபை உடைந்துவிடும். பாஸ்டரை ஏமாற்றுக்காரர் என்பார்கள். சாந்தி அக்கா இரண்டாம் முறை கணவரைப் பறிகொடுத்ததைப் போலத் துடிப்பார். எல்லாமே நல்ல காரணங்கள். படிக்கப் படிக்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அதனால்தான் கிழித்துப் போட்டேன்.

உண்மைக் காரணம் சிறியது. அந்த மண்டபத்தின் ஆராதனை என் கையிலிருந்து எழுந்தது என்ற ஒரு ரகசியப் பெருமை எனக்கு இருந்தது. யாருக்கும் தெரியாத பெருமை. அது வெளியே வந்தால் ஆராதனை முழுவதும் டிப்ளமா படித்த ஒருத்தியின் வித்தை என்று ஆகிவிடும். பிறகு அந்த மிக்ஸரின் முன்னால் நான் உட்கார முடியாது. நான் காப்பாற்றியது அக்காவை அல்ல. என் நாற்காலியை!

இன்னும் இருக்கிறது. கேளுங்கள்.

அதன் பிறகு சாந்தி அக்கா ஒவ்வொரு வாரமும் சீக்கிரமே வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜானி சுரக்கட்டைப் பிடித்ததும் கண்ணை மூடிக் காத்திருப்பார். ஒரு வாரம் கேசட் டெக்கில் நாடா சிக்கிக்கொண்டது. அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய வாடிய முகத்தைப் பார்த்தேன். அடுத்த வாரம் சரிசெய்துவிட்டு ஓடவிட்டேன். யாருக்காக? அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் குரல் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு மனப்பாடம். அங்கே மட்டும் கொஞ்சம் ஏற்றுவேன். அவர் உதடு நடுங்கும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எத்தனை நாள் இப்படி ஒருவர் செய்ய முடியும்? என்னால் பல மாதங்கள் முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு கேசட்டை வேண்டுமென்றே வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். நடப்பது நடக்கட்டும் என்று. கடைசிப் பாடல் முடிந்தது. நான் எதையும் ஏற்றவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆராதனை எழுந்தது. எந்தத் தள்ளலும் இல்லாமல் எழுந்தது! அந்த மண்டபத்தில் எப்படிப் பாடுவது என்பதை அவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டிருந்தார்கள். எத்தனை வாரங்களாக நான் தேவையே இல்லாமல் இருந்தேனோ!

கூட்டம் முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் கேட்டேன் பியூலா. எல்லா வாரத்தையும் வுட இன்னிக்குத்தான் தெளிவா..."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அது என்ன? நான் பழக்கிவிட்ட காது, இல்லாததையும் கேட்கிறதா? அல்லது அவ்வளவு பேர் ஒன்றாகப் பாடும்போது, நம் கணக்கில் வராத ஏதோ ஒன்று அதற்குள் உண்மையாகவே வந்து நிற்கிறதா? எனக்கு விசுவாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. இரண்டாவதுதான் உண்மை என்றால் நான் விடுதலையாகிவிடலாம் என்று ஒருநாள் முழுவதும் யோசித்தேன். முடியவில்லை. சாமுவேல் அண்ணன் கேட்டது அந்த முதல் ஞாயிற்றைப் பற்றி. அந்த ஞாயிற்றுக்கான பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒருமுறை சொல்ல முயன்றேன். அதே பஸ் ஸ்டாண்டில்.

"அக்கா, அந்தக் குரல்... அதைப் பத்தி ஒண்ணு..."

"அதெல்லாம் உனக்கு வெளங்காதுடி" என்று என் தோளைத் தட்டினார். "நீ படிச்ச படிப்புல அது வராது. வுடு." அவர் போக வேண்டிய பஸ் வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிக்கொண்டார். எனக்கு அடுத்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. அதற்கடுத்ததிலும்.

சாமுவேல் அண்ணனுக்குச் செங்கல்பட்டில் பெண் அமைந்தது. கல்யாணம் எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. பாடகர் குழுவில் சாந்தி அக்காவும் நின்று பாடினார். பிரியா மட்டும் வாசலில் நின்ற பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கண்ணாடியில் மாலை கட்டியிருந்தார்கள். மைக்குகளின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் பாடுவதில்லை. பாடக்கூடாது என்று தீர்மானித்ததல்ல. ஜானி சுரக்கட்டைப் பிடித்ததும் மண்டபம் எழுகிறது, எல்லோரும் அதற்குள் போய்விடுகிறார்கள், நான் வெளியே நிற்கிறேன். மீட்டரின் முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிறேன். அயர்ச்சிதான் இருக்கிறது. அழுகைகூட வருவதில்லை. வேலைக்குப் போய் வருவதைப் போல ஆராதனைக்குப் போய் வருகிறேன்.

இப்போதைய நிலை இது. சாமுவேல் அண்ணன் மனைவியின் ஊர்ப்பக்கம் போய்விட்டார், அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். சாந்தி அக்கா ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தைக்கிறார். கால்வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார். வீட்டுக் குழாயை பிளம்பர் வந்து சரிசெய்கிறார். பிரியா பள்ளிக்கூடம் போகிறாள். மிக்ஸர் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

போன ஞாயிறு கூட்டம் முடிந்த பிறகு, பாஸ்டரம்மா அக்காவிடம் வேறொருவரைப் பற்றிப் பேச்செடுத்தார். பெருங்களத்தூரில் கடை வைத்திருப்பவராம், நல்ல மனிதராம். அக்கா கோபப்படவில்லை. "எனக்குத்தான் அவர் பதில் சொல்லிட்டாரே பாஸ்டரம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மிக்ஸருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.